ஆளில்லாத கடற்கரை

விடுதி தந்த கண்ணாடியை அணிந்தால் அங்கு வேலை செய்பவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இளநீர் தானாக மிதந்து வந்து மேசையில் அமரும். பிறர் உழைக்கும்போது தான் சாய்ந்து படுத்திருக்கக் கூச்சப்படும் சுடர்விழிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று, அதே கண்ணாடியோடு நீரில் விளையாடிய மகள் யாழினியை அலை இழுத்துக்கொண்டது. சுடர்விழி அலறி ஓடுவதற்குள், குழந்தை நீருக்கு மேலே உயர்ந்து கரைக்கு வந்து சேர்ந்தாள்.

“அம்மா, கடலே என்னைத் தூக்கிட்டு வந்துச்சு!”

“உன் வாய்க்குப் பயந்து திருப்பி அனுப்பிடுச்சு போல,” என்றான் கணவன் கதிரொளி. துண்டை எடுக்க ஓடினான்.

குழந்தையின் தோளில் விரல்கள் அழுந்திய தடம் சிவந்திருந்தது. சுடர்விழி கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே, நனைந்த சீருடைப் புடவையோடு ஒரு பெண் மணலில் மண்டியிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே? கண்ணாடிய மாட்டிக்குங்கக்கா. நீங்க என்னைப் பாத்தது தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

சுடர்விழி உடனே மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த முகம் மறைந்ததும் நெஞ்சில் பரவிய நிம்மதி அவளை வெட்கப்படுத்தியது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வதென்று தெரியவில்லை.