ஆணிப் பலகை

"நீ செஞ்ச பூட்ஸைப் போட்டுக்கிட்டு நீயே ஆணி மேல ஏறி நிப்பியா?"

வேலை கேட்டு வந்த அன்று சித்தப்பா அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவருடைய பூட்ஸ் தொழிற்சாலையில் அது வழக்கம். சோல் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவர், அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆணிப் பலகையில் ஏறிக் காட்ட வேண்டும். பலகையில் ஆணிகளை அடித்ததே அவர்தான்.

தானே செய்து கொண்டுவந்திருந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவள் ஏறினாள். சோல் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. கூடவே ஒரு கட்டளையும். "கேட்டுக்கு உள்ளே சித்தப்பா கிடையாது. முதலாளி."

இன்று அதே பலகைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். அவர் கையில் சோதனைச் சான்று. வெளியே, பெட்டிகள் ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு நின்றது. அத்தனையும் இடிந்த கட்டடங்களை அகற்றும் தொழிலாளிகளுக்கான பூட்ஸ்.

"சீக்கிரம் கையெழுத்தைப் போடு. டிரைவர் டீ குடிச்சே வயித்தை ரொப்பிட்டான்."

"போட மாட்டேன், முதலாளி."

"மிஷின்ல பாஸ் ஆயிருக்கு!"

"மிஷின் நடுப்பாதத்துல மட்டும்தான் குத்திப் பாக்குது. நீங்க உள்ளே வெச்ச இரும்புத் தகடும் நடுவுல மட்டும்தான் இருக்கு. மிச்சம் கிடந்த சின்ன அளவுத் தகட்டையெல்லாம் பெரிய பூட்ஸுக்குள்ளே போட்டா, ஓரத்துல சுத்தி வெறும் ரப்பர்தானே? நடுவுலதான் குத்தணும்னு ஆணிகிட்ட சொல்லி வெச்சிருக்கீங்களா?"

மூலையில் நின்ற மேஸ்திரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஓரத்துல ஒரு விரல் அகலம் விட்டுப்போச்சு. அதுக்கு இந்த ஆட்டமா?"

"ஆணிக்கு அது ராஜபாட்டை."

"தகட்டுக்குப் பதிலா உன்னோட நெசவுத்துணியை ஓரம் வரைக்கும் வெச்சுத் தெச்சுக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சிடும். துணியாம், ஆணியைத் தடுக்குமாம்! அது மட்டும் தடுத்துடுச்சுன்னா என் சட்டையைக் கழட்டிக் காலுக்குக் கட்டிக்கிறேன்."

"நாளைக்கு ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டு இடிபாட்டு மேல ஏறுவார். வெறுங்காலா இருந்தா கீழே பாத்து நடப்பார். பூட்ஸை நம்பித்தான் பாக்காம மிதிப்பார். என் கையெழுத்தை நம்பி மிதிப்பார். அதனாலதான் மாட்டேங்கிறேன்."

"நீ போடாட்டி என்ன? மேஸ்திரி, நீ வா இங்கே."

மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். "கண்ணாடி இல்லைன்னா எனக்கு எழுத்தே தெரியாதுங்களே."

"ஒருத்தருக்கும் துப்பில்லை. நானே போடுறேன்!"

"போடுங்க," என்றாள் அவள். "ஆனா போடுறவங்க ஏறணும். நீங்க வெச்ச சட்டம்."

பேனா அந்தரத்தில் நின்றது. முதலாளி ஆணிகளைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"நான் பயந்துடுவேன்னு கணக்குப் போட்டியா? கொண்டா!"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து அவர்முன் வைத்தாள். "உங்க அளவுதான். எடுத்து வெச்சிருந்தேன்."

செருப்பை உதறிவிட்டு, வீம்போடு பூட்ஸை மாட்டிக்கொண்டார். கயிற்றை இறுக்கியபடியே, "எவ்வளவு லேசா இருக்கு பாரு! காலுக்குப் பஞ்சு மாதிரி. இதைப் போய்க் குறை சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றார்.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி ஒரு காலை வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலையும் வைத்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மெல்லப் பாதத்தைச் சாய்த்து ஓரத்தில் பாரத்தை இறக்கினார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். குதிகால்.

ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா!" பலகை மேலேயே ஒரு குதி குதித்தார். "ஓரமாம், ராஜபாட்டையாம்! வாய் கிழியப் பேசினியே, இப்ப என்ன சொல்றே?"

"நல்ல சோல்னு சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"இதைவிட நல்ல சோலை எவன் செய்வான்? எவனாலயும் முடியாது!"

"மேஸ்திரி அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"காது நல்லாவே கேக்குதும்மா."

"அப்ப அதைக் கொஞ்சம் அறுத்துக் காட்டுங்க."

முதலாளி பெருமையாகக் கீழே இறங்கி, இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். மேஸ்திரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, கத்தியால் சோலைக் குறுக்கே பிளந்தார். உள்ளே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், நெருக்கி நெய்த மஞ்சள் துணி அடுக்கடுக்காக இருந்தது. தகடு மருந்துக்கும் இல்லை. மேஸ்திரியின் பார்வை மெதுவாக முதலாளியின் சட்டை மேல் போய் நின்றது.

"இது..." என்றார் முதலாளி.

"நான் செஞ்சது. முதலாளியா மட்டும் இருந்திருந்தா உங்க சோல்லயே ஏத்தி விட்டிருப்பேன். என்ன பண்றது, சித்தப்பாவாவும் போயிட்டீங்க."

பிறகு, லாரியில் ஏற்றிய பெட்டி ஒன்றிலிருந்து எடுத்து வந்திருந்த இன்னொரு ஜோடியைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்களுது. இதுவும் உங்க அளவுதான். இப்ப முதலாளி ஏறட்டும்."

அவர் அந்த ஜோடியைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். பிறகு, கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மறந்து, பலகையைச் சுற்றிக் கீழே பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, லாரி எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியபடியே வெளியே போனார்.