கூட்டிப்போனவள்

தண்டனை முடிந்தும் சஜன் வீடு வந்து சேரவில்லை. மூன்று மாதம் முன்பே விட்டாயிற்று என்றார்கள் மலையாளக் கரை ஜெயிலில். சொந்த ஊரான காரோட்டிலிருந்து அவன் அக்கா ரெஜிலா தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டாள். பதில் மலையாளத்தில் வந்தது: விடுதலையான அன்றே தாய் ரத்னபாய் நேரில் வந்து அழைத்துச் சென்றார். கூட வைத்திருந்த பதிவேட்டு நகலின் கீழே தமிழில் கையெழுத்து. ரத்னபாயின் கோணல் கையெழுத்தேதான்.

இடுப்பெலும்பு ஒடிந்து ரத்னபாய் கட்டிலோடு கிடக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது.

ரெஜிலா ஜெயிலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"வாசல்ல நின்ன போலீசுக்கு நல்ல ஓர்மை உண்டும்மா. ரெண்டுபேரும் கையப் பிடிச்சிட்டு பஸ்ஸுக்குப் போனாவளாம்."

"அவன் அவள அம்மான்னு விளிச்சானா?"

"விளிச்சானாம்."

ரத்னபாய் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இனி ராத்திரி அவனுக்குச் சோறு எடுத்து வைக்காண்டாம், மக்கா."