கல்பகம் விற்காத பங்குகள்

தேர்தல் முடிவு வந்த மறு திங்கட்கிழமை, மல்காஜ்கிரியில் தமிழ்ச்செல்வனின் பங்குத் தரகு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. ராணுவ ஆய்வுக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த கல்பகம், கைப்பையை மார்போடு அணைத்தபடி திரையையே பார்க்கிறாள். சந்தை சரிந்து கிடந்த ஒன்றரை வருஷமும் "வித்துத் தொலையேன்" என்று கணவர் நச்சரித்தும், அவள் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. சந்தை திறக்கிறது. எண்கள் எல்லாம் ஒரே மூச்சில் பச்சையாகின்றன. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி ஒருவர் விசிலடிக்கிறார். டீ டம்ளர்கள் உருள்கின்றன. சில நொடிகளில் எண்கள் அசையாமல் நின்றுவிடுகின்றன. "ஏத்தம் தாங்காம வியாபாரத்தையே நிறுத்திட்டாங்க மேடம். திறந்ததும் வித்துடலாமா?" தமிழ்ச்செல்வன் கேட்கிறார். கல்பகத்துக்குக் காது மடல் சூடேறுகிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை. "நக்கோ, வேணாம்," என்கிறாள். "இது என் பொண்ணு காலேஜுக்கு. அவ இப்பதான் அஞ்சாவது படிக்கறா."