தெருமுனை வரைக்கும்

இந்த ஞாயிறும் பெரியவர் எழுந்துவிட்டார்.

"ஆண்டவரிடம் தங்களை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து புறப்பட்டிருந்தார். கோட்டுப் பொத்தான்களை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். கையிலிருந்த பாட்டுப் புத்தகம் தலைகீழாக இருந்தது.

"வார இதழ் வந்தாச்சு," என்று பாடகர் குழுவில் ஒருத்தி கிசுகிசுத்தாள். பக்கத்திலிருந்தவள் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள்.

போன வாரமும் இப்படித்தான் வந்தார். அதற்கு முந்தின வாரமும். மகளோடு இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து, மறதி நோய்க்காரரான அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஞாயிறுதான்.

பீடத்தின் படியில் மண்டியிட்டு, "என்னையுமா? என்னையுமா கூப்பிடுறாரு?" என்று விக்கி விக்கி அழுதார். ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம், யாரோ போர்த்திவிட்டதுபோல் அவர் முதுகில் கிடந்தது.

போதகர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. இன்றைய பிரசங்கம் போன வருடத்தது; தாள்களின் ஓரம்கூடச் சுருண்டிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆசீர்வாதம் கூறும் நேரம். சபை முழுதும் தலைகுனிந்து நிற்க, பெரியவர் மட்டும் படியில் நின்றபடியே சனங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தினார். சபைச் செயலாளர் ஓடி வந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க பெரியவரே!"

ஆராதனை முடிந்ததும் மகளைப் பக்கத்து அறைக்கு அழைத்தார்கள். துணி தைப்பவள். அவள் கைப்பையிலிருந்து அளவு நாடா நீட்டிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதம்மா," என்றார் செயலாளர். "அடுத்த வாரம் வெளியூர்ப் பிரசங்கியார் வர்றாரு. நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது. அப்பாவை இனிமே வீட்டுலயே வச்சுக்கோ. நாங்க வந்து ஜெபம் பண்றோம்."

"சீக்கிரம் சொல்லி அனுப்புங்கய்யா. அவரு தனியா உக்காந்திருக்காரு."

"சொல்லிட்டேனேம்மா. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் மனந்திரும்புவாரு?"

"அவருக்கு இதுதான்யா முதல் தடவை."

அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போன போதகர் திரும்பினார். "நோய்னு எங்களுக்கும் தெரியும்மா. வீட்டுல இருந்தா என்ன, இங்க வந்தா என்ன, அவருக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

"அவருக்கு ஒண்ணுதான் பாஸ்டர். எனக்குத்தான் இல்ல." அவள் நாடாவை விரலில் சுற்றினாள். "இங்க அழுதுட்டு வெளிய வந்ததும் என் கையைப் பிடிச்சுக்குவாரு. 'உன்னையும் உங்கம்மாவையும் நான் திரும்பிக்கூடப் பாக்கலியேம்மா, மன்னிச்சிரு'ம்பாரு. தெருமுனை திரும்புறதுக்குள்ள எல்லாம் மறந்துரும். 'நீங்க யாரு'ன்னு கேப்பாரு. எனக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கிறது அந்தத் தெருமுனை வரைக்கும்தான்."

செயலாளர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

போதகரின் குரல் இறங்கியிருந்தது. "முன்னாடியெல்லாம் அவரு சர்ச்சுக்கே போனதில்லையாம்மா?"

"போகாத ஞாயிறே கிடையாது. ஆனா ஒருநாளும் அழுததில்ல. எங்கம்மா உசுரு போனதும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைலதான். நான் சின்னப் பொண்ணு. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். 'வேலை இருக்கு'ன்னு கிளம்பிப் போனவரு, முழுசா முடிச்சுட்டுத்தான் வந்தாரு. 'இன்னிக்கு நல்லபடியா நடந்துச்சு'ன்னு வேற சொன்னாரு."

"ஞாயித்துக்கிழமையில அப்படி என்னம்மா வேலை?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவு மெல்லத் திறந்தது. பெரியவர் நின்றிருந்தார். முழங்கால்களில் படியின் தூசி. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாகியிருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றார், மகளைப் பார்த்து. "எங்க வீடு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அவள் விரலிலிருந்து நாடா அவிழ்ந்து விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"இந்த வாரம் அதுவும் போச்சு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அவரருகே போய், கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியான துளையில் மாட்டிவிட்டாள். அவர் கூச்சத்தோடு, முன்பின் தெரியாதவர்கள் எதிரே நிற்பதுபோல் நின்றார்.

கடைசிப் பொத்தானை மாட்டியதும் அவள் திரும்பினாள். போதகரின் கையில் தொங்கிய வெள்ளை அங்கியைப் பார்த்தாள்.

"நீங்க பாக்குற வேலைதான், பாஸ்டர்."