மணமாகாதவள் என்று சான்றளிக்கிறேன்

ஜனவரி பிறந்தால் ஜகதாம்பாள் ஃபாரமும் கையுமாக வந்துவிடுவாள். பட்டாபிராமன் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் வங்காளத்தில் கலெக்டராக இருந்த அவள் அப்பா பணம் கட்டிவந்த குடும்ப பென்ஷன் நிதிக்கான ஃபாரம் அது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரைதான் பென்ஷன். ‘இவள் மணமாகாதவள்’ என்று வருஷா வருஷம் ஒரு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் அவளுக்குத் தெரிந்த ஆபீசர் இவர்தான்.

“எங்கே, குடு.”

“இந்த வருஷம் வேண்டாம். நிதியை சர்க்காரே எடுத்துண்டுடுத்து. கல்யாணம் பண்ணிண்டாலும் இனிமே பென்ஷன் நிக்காதாம்.” கடிதத்தை நீட்டினாள்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை மூட மறந்துபோனார்.

காப்பியோடு வந்த அவர் மனைவி வனஜாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல சேதியாச்சே! நாப்பத்திநாலெல்லாம் ஒரு வயசா? ஏன்னா, உங்க ஆபீஸ்ல ஜகதாவுக்கு ஒரு நல்ல வரனாப் பாருங்கோளேன்.”

“பாக்கறேன்” என்றார்.

ஜகதாம்பாள் ஆறிப்போன காப்பியை இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தாக்குரியா ஏரிக்கரையில், “என்னைக் கல்யாணம் பண்ணிக்கறயா?” என்று அவர் கேட்டபோது, தாய் தகப்பன் இல்லாத மூன்று தம்பிகளை அந்த பென்ஷனை வைத்து வளர்த்துக்கொண்டிருந்த அவள் கைப்பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து நீட்டினாள்.

முதல் கையெழுத்தை அவர் போட்டது அன்றைக்குத்தான்.