பதினான்காம் பிரிவில் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். டென்மார்க்கின் இஷொய் நகரில் காலையிலிருந்து ஓயாத தூறல். காற்று தெருவில் போவோரின் குடைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. துவாரகனின் மனத்தில் மட்டும் நல்ல வெயில்.

கள்ளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள்.

அந்தக் கள்ளி, அவருடைய அலுவலக மேசைக்கு எதிர்ப்புறம் நனைந்த மேலங்கியோடு அமர்ந்திருந்தாள். பெயர் மிதுஷா. வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் எந்த நோயாளியிடம் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் மென்பொருளை, துவாரகனின் 'வடலி சொவ்ற்வெயர்' நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தவள். போன வருடம் விலகிப்போய், விபோர்க் நகரில் அதே வேலைக்குச் சொந்தமாக ஒன்றை உருவாக்கியிருந்தாள். வருகிற திங்கட்கிழமை ஒரு நகராட்சி அதைப் பயன்படுத்தத் தொடங்கவிருந்தது. அவளுடைய முதல் வாடிக்கையாளர்.

அதற்குள் தடையுத்தரவு வாங்கிவிட வேண்டும் என்று துவாரகன் துடித்தார்.

சுவரிலிருந்த திரையில் அவருடைய லண்டன் வழக்கறிஞர் விக்ரோரியா தெரிந்தார். டென்மார்க்கில் இருக்கும் இருவரின் ஒப்பந்தத்துக்கு எதற்கு இங்கிலாந்துச் சட்டம் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். "அதுதான் தரம்" என்று பதில் சொல்லியிருந்தார் துவாரகன்.

வழக்குக்கு முன் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றதும் விக்ரோரியாதான்.

"இதில என்ன பேச்சு?" துவாரகன் இரண்டு தாள்களை மேசைமேல் போட்டார். "இது என்ர புரோகிராம். மாதிரி நோயாளியின்ர பேர் அருமைநாயகி. இது இவவின்ர. இதிலயும் அருமைநாயகி! டென்மார்க்கில எத்தினை அருமைநாயகி இருக்கினம்? களவெடுத்தவ, பேரை மாத்த மறந்திட்டா. கொப்பியடிக்கிற ஆக்கள் இப்பிடித்தான் பிடிபடுவினம்."

மிதுஷா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அருமைநாயகி என்ர அம்மா, அண்ணை."

"என்ன?"

"உங்கட புரோகிராமிலயும் நான்தான் அந்தப் பேரைப் போட்டனான். இவ்வளவு காலத்தில நீங்கள் ஆரெண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. என்ர புரோகிராமில மற்றதெல்லாம் நான் புதுசா எழுதினது. ஆரை வேணுமெண்டாலும் வைச்சு ஒப்பிட்டுப் பாருங்கோ."

துவாரகன் தளரவில்லை. "உம்மட அம்மாவெண்டாலும் என்ர புரோகிராமுக்குள்ள வந்தால் என்ர சொத்துத்தான்! ஒப்பந்தத்தை எடுத்துப் பாரும்."

"நான் பார்த்தேன்" என்றார் விக்ரோரியா. "முழுப் பிரதியை இன்று காலைதானே அனுப்பினீர்கள். பதினான்காம் பிரிவைப் பற்றி நாம் தனியாகப் பேசலாமா?"

"ஏன் தனிய? இவவுக்கு முன்னாலயே சொல்லுங்கோ. களவெடுத்த ஆக்கள்தான் ஒளிக்கவேணும்."

"சரி. இவர் எழுதும் மென்பொருள் முழுவதும் 'பேனாட் டிஜிற்றல்' நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறது அந்தப் பிரிவு. யார் அந்த பேனாட்?"



பேனாட், துவாரகனின் லண்டன் நண்பர். ஐந்து வருடங்களுக்கு முன், ஒப்பந்தம் எழுத ஒரு வழக்கறிஞர் எதற்கு என்று, பேனாட் வைத்திருந்ததை வாங்கிப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார் துவாரகன். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அது... ஒரு சின்னக் கைப்பிழை."

"நீதிபதி அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் கொப்பியடிப்பவர்கள் எப்படிப் பிடிபடுவார்கள் என்று சற்றுமுன் சொன்னீர்களே, அதையும் அவர் கேட்பார். இவரைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தீர்களா?"

"இல்லை. வெளியாளாத்தான்." அப்படி வைத்தால் விடுமுறைப்பணம் கட்டத் தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

"அப்படியானால், இவர் உங்களுக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருந்தால் ஒழிய, எழுதியது எழுதியவருக்கே சொந்தம். இங்கிலாந்துச் சட்டம் அதுதான். அதாவது, நீங்கள் இப்போது விற்றுக்கொண்டிருக்கும் மென்பொருளும்."

துவாரகனுக்கு, பதினொரு வாடிக்கையாளர்கள், எட்டு வேலையாட்கள், வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகை எல்லாமே அந்த நனைந்த மேலங்கிக்குள் போய்விட்டாற்போல் இருந்தது.

மிதுஷா தன் பைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள்.

"இது என்ர பிரதி. கையெழுத்து வைக்கேக்க நான் வாசிச்சனான், அண்ணை."

பதினான்காம் பிரிவில் பேனாட் டிஜிற்றல் நீலப் பேனாவால் வெட்டப்பட்டிருந்தது. அதற்குமேல் 'வடலி சொவ்ற்வெயர்' என்று எழுதி, பக்கத்தில் அவள் கையெழுத்தும் ஐந்து வருடத்துக்கு முந்தைய திகதியும்.

"அண்டைக்கே உங்களிட்டச் சொன்னனான். 'இதெல்லாம் ஆர் வாசிக்கப்போயினம், கையெழுத்தை வையும்' எண்டனீங்கள். உங்களுக்கு எண்டுதானே எழுதினனான், அதால திருத்திப்போட்டு வைச்சனான்."

அவள் கமராவுக்கு நேரே பிடித்த தாளை விக்ரோரியா நெடுநேரம் வாசித்தார்.

"பழைய மென்பொருள் உங்களுடையதுதான், துவாரகன்" என்றார் கடைசியில். "இவர் தந்ததால். புதியதைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

துவாரகன் மேசைமேல் கிடந்த இரண்டு தாள்களையும் எடுத்து மடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை விக்ரோரியா வழக்குத் தொடுக்காமலே கோப்பை மூடிவிட்டதாகக் குறிப்பெழுதினார். துவாரகன் பேனாட்டுக்கு அழைப்பெடுத்து, நல்ல மன்னிப்புக் கடிதம் ஏதும் கைவசம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, எட்டே காலுக்கு அனுப்பிவைத்தார். உருக்கமான கடிதம். "அன்புள்ள நிறோஷினி" என்று தொடங்கியது.

மிதுஷா அதை அச்சிட்டு எடுத்தாள். நிறோஷினியை நீலப் பேனாவால் வெட்டி, மேலே தன் பெயரை எழுதி, அந்தப் பழுப்பு உறைக்குள் பத்திரமாக வைத்தாள்.