வண்டி நகரக் கூடாது

வேனின் பின்பக்கம் பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறும் கட்டியாகிவிட்டது. மாமியார் முன் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய மெக்கானிக், தன் வீட்டு வாசலில் இதைப் பார்த்ததும் ஆடிப்போனான். "இனிமே இந்த வீட்ல இப்படியே ஓட்ட முடியாது. எங்கண்ணனை வேனோட வரச் சொல்லப் போறேன்" என்று மனைவி கத்தியது போன வாரம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொன்னபடி செய்துவிட்டாள்.

"வேடிக்கை பார்த்தது போதும், பிரேக்கைப் பாருங்க மாப்பிள்ளை. இப்படியே எடுத்துட்டுப் போக முடியாது," என்றான் அந்த அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவன் இந்த வீட்டில் சிரித்ததில்லை.

"என்ன பண்ணுது?"

"மிதிச்சதும் பிடிக்குது. சிக்னல்ல காலை வெச்சுட்டே நின்னா, பெடல் கொஞ்சம் கொஞ்சமா கீழ போய் தரையைத் தொடுது. போன தடவை நீங்க கை வெச்சதிலிருந்துதான்."

"போன தடவை நான் கை வெச்சது ஹாரன்ல, மச்சான்."

"இவர் கை பட்டு எது உருப்பட்டிருக்கு," என்றது முன் சீட்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை. நான்கு சக்கரத்துக்கும் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான், ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மச்சானை ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்தியபடியே இருக்கச் சொன்னான். அது வெட்கமே இல்லாமல் மெல்லத் தரைக்குப் போனது.

வெளியே எங்கும் ஒழுகவில்லை, பெடலும் நிற்கவில்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. புது ரப்பர் அவனுடைய ஷெட் அலமாரியிலேயே இருந்தது. அதைப் போட்டு, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வண்டி கிளம்பிவிடும்.

கிளம்பிவிடும் என்று நினைத்ததுமே அவன் திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் மனைவி நின்றாள். தலையில் ஈரத் துண்டு, உடம்பில் வீட்டு நைட்டி. புடவை மாற்றக்கூடப் பொறுக்காமல் போகும் அளவுக்கு வெறுத்துவிட்டாள். இரண்டு வருஷமாக இதே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தூபம் போட்ட மாமியார் கடைசியில் சாதித்துவிட்டாள்.

மனைவி இல்லாத வீட்டில் அவனால் ஒரு பொழுது இருக்க முடியாது. போகாதே என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மச்சான் முன்னால், மாமியார் காதுபட, அது மட்டும் அவன் வாயில் வராது.

சிலிண்டரைக் கழற்றி ஆயிலை மொத்தமாக வடித்தான். ஷெட்டுக்குள் கொண்டுபோய், உள்ளே இருந்த ரப்பரை எடுத்து ஸ்குரூடிரைவரால் தாறுமாறாகக் கிழித்தான். இத்தனை வருஷத் தொழிலில் அவன் செய்த முதல் அயோக்கியத்தனம் அதுதான். வெளியே வந்து மச்சான் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க. ரப்பர் நார் நாராப் போயிருக்கு, சிலிண்டரும் காலி. இந்த மாடலுக்கு இப்ப சாமானே வர்றதில்லை. வண்டி இங்கேயிருந்து ஒரு அடி நகரக் கூடாது. மீறி எடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்லை."

"எப்ப ரெடியாகும்?"

"மாசக்கணக்காகும்."

மனைவி படியிறங்கி ஓடிவந்தாள். "ஏங்க, நிஜமாவே முடியாதா? எப்படியாவது பாருங்களேன். இல்ல, வேற வண்டியாவது பிடிக்கலாமே." அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

போவதற்கு இவ்வளவு துடிப்பா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாதுன்னா முடியாது. வேற வண்டி, வேற ஆள்னு எவனும் இந்த வாசல்ல நிக்கக் கூடாது."

"அதானே, வேற வண்டியெல்லாம் எதுக்கு? மாப்பிள்ளையே இவ்வளவு சொல்றாரு," என்று மச்சான் குதித்து இறங்கி, அவசர அவசரமாகத் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தான். அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன் சீட்டிலிருந்து மாமியார் நிதானமாக இறங்கிப் புடவையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் மகன் வீட்டுக்குப் போகலை, என் சாமானையெல்லாம் பழைய ரூம்லயே இறக்கிடுங்க, மாப்பிள்ளை."